பக்கம் 41 முதல் 58 வரை

பிப்ரவரி 5, திங்கள்

காப்பீட்டு முகவர் ஓசியில் கொடுத்த டைரி. ஜனவரிப் பக்கங்களில் எல்லாம் என் மனைவி கனி கோலம் போட்டுப் பழகிவிட்டாள். அதனால் என் வரலாறு பிப்ரவரியில் தொடங்குகிறது. ஆய்வாளன் தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒருமுறையாவது நானும் செய்து பார்க்கலாம்.

பிற்காலத்தில் இதைப் புரட்டுபவர்களுக்காக: என் பெயர் இசக்கியப்பன். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியர். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். இன்று கல்லூரிச் செயலர் கூப்பிட்டு, ஜூன் 30-க்குள் ஒரு ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்தால் நிரந்தரம், வராவிட்டால் வேறு ஆள் என்றார். அந்த வேறு ஆள் பதினான்கு கட்டுரைகளோடு தயாராக நிற்கிறாராம். நான் 2015-இல் ஒன்று எழுதினேன். அதற்கப்புறம் விடைத்தாள் திருத்தவே ஆயுள் போதவில்லை.

நல்லவேளையாக என் ஆய்வு நெறியாளர் தாணுலிங்கம் சார் கைகொடுத்தார். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும், "பொருநை சந்தையியல் ஆய்விதழ்" தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அவர்தான் ஆசிரியர். ஆண்டுக்கு இரண்டு இதழ். வரும் ஜூனில் வெள்ளிவிழா மலர்.

"வேய், இருவத்தஞ்சு வருசத்துல யாரு எழுதினா, எதப்பத்தி எழுதினா, யாரு யார மேற்கோள் காட்டினா, எல்லாத்தையும் எண்ணி ஒரு கட்டுரையாக் கொண்டாரும். மலர்ல போட்டுருவோம்" என்றார். எல்லா இதழ்களின் பொருளடக்கமும் கட்டுரைச் சுருக்கங்களும் மேற்கோள் பட்டியல்களும் அடங்கிய பென்டிரைவையும் கையில் தந்தார்.

இதற்கு நூலளவியல் என்று பெயர். கனிக்கு விளக்கினேன். கட்டுரைகளைப் படிக்க வேண்டியதே இல்லை, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலையும் எண்ணினால் போதும்.

"படிக்காம எண்ணுததுக்குப் பேரு ஆராய்ச்சியா?" என்றாள். தபால் நிலையக் கவுண்ட்டரில் உட்காருகிறவளுக்கு இதெல்லாம் எட்டாது.

பிப்ரவரி 14, புதன்

மொத்தம் ஐம்பது இதழ், 611 கட்டுரை. எல்லாவற்றையும் எக்செலில் ஏற்றிவிட்டேன். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது, கனி தைலம் தேய்த்துவிட்டாள்.

போக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. முதல் ஆறு ஆண்டுகள் பாக்கெட் ஷாம்பு. அடுத்த ஆறு ஆண்டுகள் செல்போன். பிறகு சூப்பர் மார்க்கெட், பிறகு ஆன்லைன். கொரோனாவின்போது ஒரே இதழில் முகக்கவசம் பற்றி ஒன்பது கட்டுரை. 402 தலைப்புகள் "ஓர் ஆய்வு" என்று முடிகின்றன. மற்றவை ஆய்வு இல்லையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக நான் அதைக் குறிப்பிடப்போவதில்லை.

சுருக்கம் உள்ளவற்றின் கடைசி வரியையும் எண்ணினேன். நூற்றுக்கு எண்பத்தெட்டுக் கட்டுரைகளில் "நுகர்வோர் திருப்தியாக உள்ளனர்" என்பதே முடிவு. திருநெல்வேலி மாவட்டத்து நுகர்வோர் இருபத்தைந்து ஆண்டுகளாக விடாமல் திருப்தியாக இருந்துவருகிறார்கள். எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை.

பிப்ரவரி 20

கேஸ் சிலிண்டர் வரவில்லை. நுகர்வோர் திருப்தியாக இல்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

இன்று பெரிய நாள். மேற்கோள்களை எல்லாம் ஒரு மென்பொருளில் போட்டேன். அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைக்குப் பெரிய வட்டம், மற்றதற்குச் சின்ன வட்டம், நடுவே கோடுகள். படம் வந்ததும் மலைத்துவிட்டேன். நடுவில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம், சுற்றிக் கடுகு சிதறினாற்போல மற்றவர்கள்.

அந்த வட்டம் தாணுலிங்கம் சார்! "ஊரக நுகர்வோரும் பாக்கெட் ஷாம்புவும்: ஓர் ஆய்வு", 2000-ஆம் ஆண்டு, தொகுதி 2, இதழ் 1, பக்கம் 41–58. மேற்கோள்கள் 214. இரண்டாம் இடத்துக் கட்டுரைக்கு வெறும் 31.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கட்டுரை அனுப்புகிறவர்கள் பொருநை இதழிலிருந்து குறைந்தது இரண்டு மேற்கோளாவது காட்ட வேண்டும் என்பது இதழின் விதி. ஆனாலும் 611 பேரில் 214 பேர் தேடிப்போய் ஒரே கட்டுரையை எடுக்கிறார்கள் என்றால் அதன் தரம் அப்படி. நானே 2015-இல் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அருமையான கட்டுரை.

உடனே சாருக்குப் போன் செய்தேன். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்படியா?" என்றார். பிறகு, "சரி, வைக்கட்டுமா?" என்றார். பெரியவர்களுக்குப் புகழ்ச்சி பிடிக்காது.

மார்ச் 3, ஞாயிறு

கனி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அந்தப் பெரிய கட்டுரையில அப்படி என்னதான் சொல்லியிருக்காரு?"

"பாக்கெட் ஷாம்பு பத்தி."

"அது தலைப்பு. உள்ள என்ன சொல்லுதாரு?"

மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதால் மோட்டாரை அணைக்கப் போனேன். தொட்டி நிரம்பவில்லை. அப்படியே மாடியில் கொஞ்ச நேரம் காற்று வாங்கினேன்.

மார்ச் 7, வியாழன்

வெள்ளிவிழா மலருக்குச் சிறப்பாக இருக்கட்டும் என்று, தாணுலிங்கம் சார் கட்டுரையைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைத் தொகுத்தேன். பல கல்லூரிகளுக்கு எழுதி அந்தந்தப் பக்கங்களின் நகலை வரவழைத்திருந்தேன்.

கிராமத்துப் பெண்கள் பாக்கெட் ஷாம்புவையே விரும்புகிறார்கள் என்று அவர் கண்டறிந்ததாக 2004-இல் ஒருவர் எழுதுகிறார். விரும்பவில்லை என்று கண்டறிந்ததாக 2009-இல் இன்னொருவர். ராதாபுரத்தில் 300 பேரிடம் ஆய்வு செய்ததாக ஒருவர், சேரன்மகாதேவியில் 500 பேரிடம் என்று மற்றொருவர். 2019-இல் ஒரு அம்மையார் அது சோப்பு பற்றிய கட்டுரை என்கிறார். ஆன்லைன் வணிகத்தை அவர் அன்றே கணித்துவிட்டார் என்று சென்ற வருடம் ஒருவர்.

மேதைகளின் எழுத்துக்குப் பல முகம் இருக்கும்தான்.

என்னுடைய 2015 கட்டுரையையும் எடுத்துப் பார்த்தேன். "தாணுலிங்கம் (2000) ஐயத்துக்கிடமின்றி நிறுவியிருப்பதுபோல" என்று எழுதியிருக்கிறேன். எதை நிறுவினார் என்று அந்த வாக்கியத்தில் தேடினேன். நீளமான வாக்கியம். கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். முழுக் கட்டுரையையும் 2015-இல் படித்தேனா, சுருக்கத்தை மட்டும் படித்தேனா என்று இப்போது சரியாக நினைவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

எதற்கும் இருக்கட்டும் என்று நூலகத்துக்குப் போனேன். நூலகர் செல்வின் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தொகுதி 2-ஐ எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். இருவருமே தும்மினோம்.

பொருளடக்கத்தில் சாரின் கட்டுரை இருக்கிறது, பக்கம் 41. நாற்பதாம் பக்கத்தில் உப்பு வணிகம் பற்றிய ஒரு கட்டுரை முடிகிறது. திருப்பினேன்.

41-ஆம் பக்கத்தில் "கருத்தரங்கப் பேராளர்கள் முகவரிப் பட்டியல்" என்று தலைப்பு. அகர வரிசையில் பெயர், கல்லூரி, வீட்டு முகவரி, பின்கோடு. 58 வரைக்கும் முகவரிதான். 59-இல் மண்பானை விற்பனை பற்றிய கட்டுரை தொடங்கிவிடுகிறது.

மூன்று தடவை புரட்டினேன். பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் பிரித்துப் பார்த்தேன். செல்வின் பின் அட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைக் காட்டினார். ஒரு முத்திரைகூட இல்லை.

"இருவத்தி நாலு வருசத்துல நீங்கதான் சார் மொத ஆளு" என்றார், பாராட்டுகிற தொனியில்.

ஒருவேளை வேறு பிரதியில் கட்டுரை இருக்கலாம். நான் 2015-இல் அதைப் பார்த்திருப்பேன்.

மார்ச் 16

இன்னும் இரண்டு கல்லூரிகளில் பார்த்துவிட்டேன். வேறு பிரதி இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

கனியிடம் சொல்லிவிட்டேன். 214 பேரும் படிக்காமல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கொதித்தேன். ஒருவன் பொருளடக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான், அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அதற்கடுத்தவன். விதி கேட்கும் இரண்டு மேற்கோளில் ஒன்று இப்படியே தீர்ந்திருக்கிறது. ஆய்வுலகத்தின் நாணயம் என்ன ஆவது?

"இருநூத்திப் பதினாலுல நீங்க எத்தனாவது?" என்றாள்.

97-ஆவது. சொல்லவில்லை.

"எங்க ஆபீஸ்ல ஒரு தபாலு வந்தா, அந்த வீடு இருக்கான்னு போயி பாத்துட்டுத்தான் 'இல்ல'ன்னு எழுதுவோம். நீங்க இல்லாத வீட்டுக்குப் போயி காப்பி குடிச்சிட்டு வந்தேன்னு எழுதியிருக்கியளே!" என்றாள்.

படித்திருக்கவில்லை. 2015-இல் நானும் படிக்கவில்லை. எழுதிவிட்டேன், மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

மார்ச் 25, திங்கள்

இரண்டு பிரதி தயாரித்தேன். முதல் பிரதியில், "அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை தாணுலிங்கம் (2000)" என்று அட்டவணையோடு நின்றுவிடுகிறேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நூலளவியல் எண்ணத்தான் சொல்கிறது, படிக்கச் சொல்லவில்லை.

இரண்டாம் பிரதியில் முகவரிப் பட்டியலையும் எழுதியிருக்கிறேன். அதைப் போட வேண்டியவர் தாணுலிங்கம் சார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள எந்த ஆசிரியர் சம்மதிப்பார்? போடாவிட்டால் ஜூன் 30 முடிந்தது, பதினான்கு கட்டுரைக்காரர் என் நாற்காலியில் உட்காருவார்.

செயலர் வராந்தாவில் எதிர்ப்பட்டார். "கட்டுரை என்னாச்சு?" என்றார். "முடிஞ்சிட்டு சார்" என்றேன். எந்தப் பிரதி என்று அவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

தாணுலிங்கம் சார் வீட்டுக்குப் போனேன். பையில் இரண்டு பிரதியும். சார் மின்விசிறி இறக்கையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"தொகுதி ரெண்டப் பாத்துட்டீரோ?"

"பாத்துட்டேன் சார்."

இறக்கையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. நீண்ட பேருந்துப் பயணம் முடிந்து இறங்கியவர் முகம்போல இருந்தது.

சொன்னார். அந்த வருடம் கிராமம் கிராமமாகப் போய் இருநூறு பேரிடம் படிவம் நிரப்பிக்கொண்டு வந்தாராம். திரும்பும்போது மூட்டையைப் பேருந்திலேயே விட்டுவிட்டார். அதற்குள் பொருளடக்கமும் மற்றக் கட்டுரைகளும் அச்சாகிவிட்டன. பதினெட்டுப் பக்கம் காலி. அச்சகக்காரர் கையில் இருந்த முகவரிப் பட்டியலை எடுத்து அடைத்துவிட்டார்.

"அடுத்த இதழ்ல ஒரு வருத்தம் போட்டுரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஒரு கடுதாசி. 'தங்கள் கட்டுரை என் கண்களைத் திறந்தது'ன்னு, மதுரையிலேருந்து ஒரு விரிவுரையாளரு. அவருக்கு நான் என்னன்னுவே பதில் எழுத? நன்றின்னு எழுதிட்டேன். அந்த நன்றிதான் வினை."

அப்புறம் மேற்கோள்கள் வந்தன. பதவி உயர்வுக்கு அது உதவியது. 2008-இல் பல்கலைக்கழகம் ஒரு விருதே கொடுத்தது.

"மொதப் பத்து வருசம் தபால்காரன் மணியடிச்சா வீட்டுக்குப் பின்னால போயிருவேம்வே. யாராவது கேட்டுருவானோன்னு. அதுக்கப்புறம், ஒருத்தனும் கேக்கலியேன்னு ஆயிட்டு. இருவத்தஞ்சு வருசமா ஒரு இதழ் நடத்துதேன். ஒருத்தனாவது ஒரு பக்கத்தப் பொரட்டிப் பாத்தா என்ன?"

துடைத்த இறக்கையை எடுத்து மறுபடியும் துடைத்தார். நானும் ஏமாந்துவிட்டேன் சார் என்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன்.

"நீரு பேசாதேயும். எங்கிட்ட ஆராய்ச்சிக்குச் சேர வந்த அன்னைக்கு, 'சார், உங்க ஷாம்பு கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன்'னு சொன்னீரு."

சொல்லியிருக்கிறேன். நினைவிருக்கிறது.

சார் வீட்டம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்து முடித்தோம். பிறகு சார் தாழ்ந்த குரலில் சொன்னார். "விழாவுல எனக்குப் பொன்னாடை போத்தப் போறாவ. அந்த முகவரிப் பட்டியல் விசயத்த மட்டும் எழுதாதேயும். உமக்கு வேல, எனக்கு மானம். யோசிச்சிப் பாரும்."

முதல் பிரதி பையில்தான் இருந்தது. நீட்டியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கை ஏனோ பைக்குள் போகவில்லை.

ஏப்ரல் 9

விடைத்தாள் 60 திருத்தினேன். சந்தைப்படுத்தல் என்றால் என்ன என்ற கேள்விக்கு 60 பேரும் ஒரே விடை, ஒரே இடத்தில் ஒரே பிழை. எல்லாரும் ஒரே நோட்ஸைப் பார்த்திருக்கிறார்கள். திட்டலாம் என்று சிவப்புப் பேனாவைத் திறந்தேன். எந்த முகத்தோடு திட்டுவது? மூடிவிட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

இரண்டாம் பிரதியை அனுப்பிவிட்டேன். படிக்காமல் மேற்கோள் காட்டியவர்கள் பட்டியலில் 97-ஆவதாக என் பெயரையும் போட்டு, "இக்கட்டுரையாளரும் படிக்கவில்லை" என்று அடிக்குறிப்பும் எழுதினேன். கனியின் கவுண்ட்டரிலேயே பதிவுத் தபால்.

"வேல போயிட்டுன்னா?" என்று கேட்டேன்.

"போனா போட்டும். நான் இருக்கேம்லா" என்று சொல்லிக்கொண்டே ஓங்கி முத்திரை குத்தினாள். வரிசையில் பின்னால் நின்றவர் நகரச் சொன்னார், நகர்ந்தேன். கண் கலங்கியிருந்தது எனக்கு.

மே 2

பதில் இல்லை.

மே 10

பதில் இல்லை. வெயில் தாங்கவில்லை. பதினான்கு கட்டுரைக்காரர் கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார். என் மேசை இழுப்பறை சரியாகத் திறக்குமா என்று கேட்டாராம்.

மே 18, சனி

சாரிடமிருந்து உறை வந்தது. கனிதான் பிரித்தாள். என் கட்டுரை திரும்பி வந்திருந்தது. முதல் பக்கத்தில், "ஏற்கப்பட்டது. ஒரு திருத்தம் மட்டும்."

ஏழாம் பக்கத்தில் 214-ஐ அடித்து, ஓரத்தில் சாரின் குண்டு எழுத்தில்: "219. ஐந்தை விட்டுவிட்டீர். ஆரம்பத்திலிருந்து நான் ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். விவரம் பின்னால்."

பின்னால் ஐந்தும் இருந்தன, ஆண்டும் பக்கமும் சுத்தமாக. சரிபார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

ஜூன் 22, சனி

வெள்ளிவிழா. கூட்டம் தாங்கவில்லை, சாப்பாடு உண்டு என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். மலர் எல்லார் கையிலும் கொடுக்கப்பட்டது. என் கட்டுரை 9-ஆம் பக்கம். எப்போது வெடிக்குமோ என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன் வரிசையில் இருந்தவர்கள் மலரால் விசிறிக்கொண்டார்கள்.

வாழ்த்துரை வழங்கியவர், "ஷாம்பு கட்டுரை ஒன்று போதும், தாணுலிங்கம் அவர்களின் பெயர் நிலைக்க" என்று முழங்கினார். பொன்னாடை போர்த்தினார்கள். சார் மைக்கைப் பிடித்தார்.

"அந்தக் கட்டுரைய நான் எழுதவே இல்ல" என்றார்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. என் பக்கத்தில் இருந்தவர், "என்ன ஒரு தன்னடக்கம் பாத்தீங்களா!" என்று உருகினார்.

"நெசமாத்தான் சொல்லுதேன், எழுதல! மலர்ல ஒம்பதாம் பக்கத்தப் பாருங்க!" என்று சார் கத்தினார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். இன்னொரு பொன்னாடை வந்தது.

கீழே இறங்கிய சார் என்னைப் பார்த்தார். இரண்டு பொன்னாடைக்கு மேல் வேர்த்து வழியும் முகம். இருவரும் சிரித்தோம், பந்திக்குக் கூப்பிடும்வரை.

ஜூன் 28, வெள்ளி

செயலர் மலரை வாங்கினார். அட்டையைப் பார்த்தார், பொருளடக்கத்தில் என் பெயரைப் பார்த்தார், தன் தாளில் ஒரு டிக் அடித்தார். ஒன்பது வருடம் அரை நிமிடத்தில் முடிந்தது. நிரந்தரம்! கனிக்குப் போன் செய்தேன். அல்வாவுக்குச் சொல்லிவிட்டாள்.

ஜூலை 15, திங்கள்

சார் ஆசிரியர் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். நோட்டையும் சேர்த்து. இரண்டு மேற்கோள் விதியை முதல் வேலையாக நீக்கினேன்.

நான் ஆசிரியரான பிறகு இன்று முதல் கட்டுரை வந்தது, தூத்துக்குடியிலிருந்து ஒரு பேராசிரியர். முதல் பத்தியிலேயே: "தாணுலிங்கத்தின் (2000) கட்டுரையே இத்துறையின் தலைசிறந்த ஆய்வு என்பதை இசக்கியப்பன் (2024) ஐயத்துக்கிடமின்றி நிறுவியிருக்கிறார்."

சாரிடம் போனில் படித்துக் காட்டினேன். "இருநூத்தி இருவது. ஏத்திக்கிடும்" என்றார்.

ஏத்திக்கொள்ள மனம் வரவில்லை. இவர் ஒருவராவது தெரிந்துகொள்ளட்டும் என்று, தொகுதி 2-இன் 41 முதல் 58 வரை, பேராளர் முகவரி பதினெட்டுப் பக்கத்தையும் நகலெடுத்தேன். "தாங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரை இது. தயவுசெய்து படித்துவிட்டு எழுதவும்" என்று கடிதம் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஜூலை 24, புதன்

தூத்துக்குடியிலிருந்து பதில்.

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, தாங்கள் அன்புடன் அனுப்பிய கட்டுரையின் நகல் கிடைத்தது. முழுவதும் படித்தேன். மிகவும் பயனுள்ளதாக இருந்தது. அதிலிருந்து மேலும் இரண்டு மேற்கோள்களைச் சேர்த்து, என் கட்டுரையைத் திருத்தி இத்துடன் இணைத்துள்ளேன்."